ஒன்றுபோல் தோன்றும் காட்டுப் பூனையினங்களை வேறுபடுத்தி அறிவது எப்படி?

இன்று உலகில் வாழும் பூனைக் குடும்ப விலங்குகளைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பூனையின வல்லுநர் குழு 2017இல் 41 இனங்களாக வகுத்துப் பட்டியலிட்டது. அவற்றுள் புலியையும் பிடரியுள்ள ஆண் சிங்கத்தையும் இனங்காண எவருக்கும் பயிற்சி தேவையில்லை. மற்றவற்றில்தான் சிக்கல். இக்குடும்பத்தின் விலங்குகள் ஏறக்குறைய அனைத்தும் பதுங்கியிருந்தோ ஒளிந்து நெருங்கியோ இரை பிடிப்பவை. ஆகவே நிழலும் ஒளியும் கலந்து விழும் இடத்தில் உடலை மறைக்க உதவும் புள்ளிகளும் கோடுகளும், ஓசையின்றி நடக்க உதவும் மெத்தென்ற பாதங்களும், குட்டையான முகமும் அவற்றுக்குப் பொதுவாக அமைந்துவிட்டன. ஒரே விதமான வாழ்க்கை ஒரே விதமான தோற்றத்தைத் தருவதால், நெருங்கிய உறவு இல்லாத இரண்டு இனங்கள்கூட ஒன்றுபோல் தோன்றக்கூடும்.

ஒரு விலங்கைக் கண்டவுடன் முதலில் கண்ணில் படுவன அதன் நிறமும் பருமனும். இனங்காண்பதற்கு மிகக் குறைவாக உதவுவனவும் இவையே. நிறம் ஓரினத்துக்குள்ளேயே மாறும்: வறண்ட நிலத்தில் வாழும் சிறுத்தையின் தோல் வெளிறிய மஞ்சளாகவும், மழைக்காட்டில் வாழும் சிறுத்தையின் தோல் அடர்ந்த பொன்னிறமாகவும் இருக்கும். மாலை வெயிலில் சாம்பல் நிறமும் பழுப்பாகத் தெரியும். காடுகளில் பொருத்தப்படும் தானியங்கிக் கேமராக்கள் இரவில் அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும் படங்களிலோ நிறம் என்பதே இருப்பதில்லை. பருமனைப் பொறுத்தவரை, அருகில் ஒப்பிட்டுப் பார்க்க ஏதேனும் இல்லாதபோது அனுபவமுள்ளவர்களும் தவறாகவே மதிப்பிடுவார்கள். கையேடுகள் ஒவ்வோர் இனத்துக்கும் எடையைத் தவறாமல் குறிப்பிடுகின்றன. ஆனால் புதருக்குள் நழுவி மறையும் விலங்கை எவரும் தராசில் நிறுத்திப் பார்க்க முடியாது என்பதால், பார்வையாளருக்கு அந்த எண்களால் பயன் குறைவு என்பதே என் கருத்து.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உடலின் அளவுப் பொருத்தம். உடலோடு ஒப்பிடுகையில் வால் எவ்வளவு நீளம், கால்கள் நெடியனவா குட்டையானவையா, தலை உடலுக்குச் சிறிதாகத் தெரிகிறதா பெரிதாகத் தெரிகிறதா, காதின் வடிவம் எது ஆகியவை ஒளி மாறினாலும் தொலைவு மாறினாலும் பெரிதாக மாறுவதில்லை. வாலை அளக்க விலங்கின் உடலிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. பூனையின் பின்னங்காலில், நடுவில் பின்னோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும் மூட்டை முழங்கால் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் அது குதிகால். பூனைகள் விரல்களை ஊன்றி நடப்பதால் குதிகால் தரையில் படாமல் உயர்ந்தே நிற்கிறது. விலங்கு நிற்கும்போது தொங்கும் வால் அந்தக் குதிகாலுக்கு மேலேயே முடிகிறதா, அதைத் தொடுகிறதா, தாண்டித் தரையை நெருங்குகிறதா என்று பார்த்தால், பல ஐயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தோலின் கோலத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

சிறுத்தை, ஜாகுவார், சிவிங்கிப்புலி

மிகுதியாகக் குழப்பப்படும் மூன்று இவைதாம். இவற்றுள் சிவிங்கிப்புலியைப் பிரித்தெடுப்பது எளிது. அது துரத்தி ஓடிப் பிடிக்கும் விலங்கு என்பதால் அதன் உடலமைப்பே வேறு: நெடிய மெல்லிய கால்கள், ஆழமான மார்பு, ஒடுங்கிய இடுப்பு, உடலுக்குப் பொருந்தாத அளவுக்குச் சிறிய உருண்டைத் தலை. இரு கண்களின் உள்முனையிலிருந்தும் மூக்கின் ஓரமாக இறங்கி வாய்வரை செல்லும் கருங்கோடு ஒன்று உண்டு. அந்தக் கோடு சிறுத்தைக்கும் இல்லை, ஜாகுவாருக்கும் இல்லை. முகம் தெரியும் படம் கிடைத்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. முகம் தெரியாவிட்டால் புள்ளிகளைப் பார்க்கலாம். சிவிங்கிப்புலியின் புள்ளிகள் உள்ளே நிரம்பிய, தனித்தனியான கரும்புள்ளிகள். அவை வளையமாக அமைவதில்லை. வாலின் கடைசிப் பகுதியில் புள்ளிகள் இணைந்து பட்டைகளாகின்றன. நுனி பெரும்பாலும் வெண்மையாக இருக்கும்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அது தெரியாதவர்களைத் தடுமாற வைத்திருக்கிறது. 1926இல் இன்றைய ஜிம்பாப்வேயில், புள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்து பெரிய திட்டுகளாகவும், முதுகில் நீண்ட கோடுகளாகவும் மாறிய சிவிங்கிப்புலித் தோல் ஒன்று ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே விலங்கியலாளர் ரெஜினால்ட் போகாக் அதைத் தனி இனம் என்று அறிவித்தார். ஆனால் 1981இல் தென்னாப்பிரிக்காவின் டி வில்ட் இனப்பெருக்க மையத்தில், சாதாரணப் புள்ளிகளைக் கொண்ட தாய்களுக்கே இத்தகைய குட்டிகள் பிறந்தன. ஒரே மரபணுவில் ஏற்படும் மாற்றமே இக்கோலத்துக்குக் காரணம் என்பதும், வீட்டுப் பூனைகளில் திட்டுத் திட்டான கோலம் உண்டாவதும் அதே மரபணுவின் மாற்றத்தால்தான் என்பதும் 2012இல் தெளிவாயின. ‘அரசச் சிவிங்கிப்புலி’ என்று அழைக்கப்படும் அந்த விலங்கு தனி இனமன்று. கோலம் முற்றிலும் மாறியிருந்தாலும் அதன் சிறிய தலையும் நெடிய கால்களும் கண்ணீர்க் கோடும் மாறவில்லை என்பதைக் கவனித்தால், உடலமைப்புக்கு முதலிடம் தரவேண்டும் என்று மேலே சொன்னதன் காரணம் விளங்கும்.

சிறுத்தையையும் ஜாகுவாரையும் பிரித்தறிவது இதைவிடக் கடினம். இரண்டின் உடலிலும் நடுவில் வெளிறியும் சுற்றிலும் கறுத்தும் உள்ள வளையப்புள்ளிகள் நிறைந்திருக்கின்றன. விலாப்புறத்தில் உள்ள ஒரு வளையத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உற்றுப் பார்க்க வேண்டும். சிறுத்தையின் வளையம் சிறியது. இரண்டு மூன்று கருந்துண்டுகள் சூழ்ந்திருக்க, நடுவில் தோல் சற்றே அடர்ந்த நிறத்துடன் வெறுமையாக இருக்கும். ஜாகுவாரின் வளையம் பெரியது, கோணல்மாணலானது. அதற்குள் ஒன்றோ பலவோ சிறு கரும்புள்ளிகள் இருக்கும். வளையங்கள் பெரியவை என்பதால் ஜாகுவாரின் விலாவில் அவற்றின் எண்ணிக்கை குறைவாகவும், சிறுத்தையின் விலாவில் நெருக்கமாகவும் மிகுதியாகவும் காணப்படும். ஒரே ஒரு வளையத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறிவிடக் கூடாது. சில சிறுத்தைகளின் உடலிலும் உள்ளே புள்ளியுள்ள வளையம் ஒன்றிரண்டு தென்படுவதுண்டு. ஜாகுவாரின் தோளிலும் காலிலும் புள்ளியில்லாத வளையங்கள் உண்டு. விலாவின் நடுப்பகுதியில் பெரும்பாலான வளையங்கள் எப்படியுள்ளன என்பதே கணக்கு.

உடற்கட்டிலும் இரண்டுக்கும் வேறுபாடு தெளிவாக இருக்கிறது. புலி, சிங்கத்துக்கு அடுத்தபடியாகப் பூனைக் குடும்பத்தில் மூன்றாவது பெரிய விலங்கு ஜாகுவார். அதன் தலை அகன்று கனத்திருக்கும்; தாடைத் தசைகள் முகத்தை மேலும் அகலமாக்கிக் காட்டும்; மார்பு பருத்து, கால்கள் குட்டையாகத் திரண்டிருக்கும். அதன் வால் 45 முதல் 75 செ.மீ. வரைதான், அவ்வளவு பெரிய உடலுக்கு அது குட்டையே. சிறுத்தையோ மெலிந்து நீண்ட உடலுடையது. மரக்கிளைகளில் சமநிலை காக்க உதவும் நீண்ட வால் குதிகாலைத் தாண்டிக் கீழே இறங்கும். நடக்கும்போது வாலின் நுனியைப் பெரும்பாலும் மேல்நோக்கி வளைத்திருப்பதால், அதன் அடிப்பக்கத்து வெண்மை தொலைவிலிருந்தும் தெரியும். காட்டில் இவ்விரண்டும் ஒருபோதும் சந்திப்பதில்லை: ஜாகுவார் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது, சிறுத்தை ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் உரியது. எங்கே எடுத்த படம் என்று தெரிந்தால் அதுவே போதும். தெரியாதபோதுதான் வளையங்களைத் தேட வேண்டியிருக்கிறது.

‘பிளாக் பாந்தர்’ என்று சொல்லப்படும் கரிய விலங்கும் தனி இனமன்று. ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ கண்டால் அது கருஞ்சிறுத்தை. அமெரிக்காவில் கண்டால் கரிய ஜாகுவார். சிறுத்தையில் கருமை ஒடுங்கு பண்பாகவும் ஜாகுவாரில் ஓங்கு பண்பாகவும் மரபு வழியே வருகிறது. ஆகவே மஞ்சள் நிறச் சிறுத்தைகள் இரண்டுக்குக் கரிய குட்டி பிறக்கக்கூடும். கரிய ஜாகுவார்க் குட்டிக்கோ பெற்றோரில் ஒன்றாவது கரியதாக இருந்தாக வேண்டும். கருமை வளையங்களை அழித்துவிடுவதில்லை. சாய்ந்த வெயில் படும்போது கரிய தோலின்மீது அவை மங்கலாகத் தெரியும். அகச்சிவப்புப் படங்களில் இன்னும் தெளிவாகவே தெரியும். கருஞ்சிறுத்தைகள் மிகுதியாக வாழும் மலாய் தீபகற்பத்தில் ஆய்வாளர்கள் அந்த வளையங்களைக் கொண்டே ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் கண்டிருக்கிறார்கள். எந்த இரண்டு சிறுத்தைகளுக்கும் புள்ளிக் கோலம் ஒத்திருப்பதில்லை; ஒரே சிறுத்தையின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒத்திருப்பதில்லை.

பனிச்சிறுத்தையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புகைச் சாம்பல் நிறத் தோல், ஓரம் மங்கிய பெரிய வளையங்கள், குட்டையான முகம், உடலின் நீளத்துக்குச் சற்றே குறைந்த மிகத் தடித்த வால் ஆகியவை ஒன்றுசேர்ந்து வேறெந்தப் பூனைக்கும் இல்லை. ஆசியாவின் சில உயர்மலைப் பகுதிகளில் சிறுத்தையும் பனிச்சிறுத்தையும் ஒரே நிலப்பரப்பில் நடமாடுகின்றன. அங்கும் வாலின் தடிமனைப் பார்த்தால் குழப்பம் இராது.

படைச்சிறுத்தை அப்படியன்று. அதன் விலாவில் பெரிய சாம்பல் திட்டுகள் படர்ந்திருக்கும். ஒவ்வொரு திட்டின் பின்விளிம்பும் கறுத்திருக்கும். தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் பளிங்குப் பூனைக்கும் ஏறக்குறைய இதே கோலம் உண்டு. படைச்சிறுத்தை 11 முதல் 23 கிலோ வரை இருக்கும். பளிங்குப் பூனை 2 முதல் 5 கிலோ வரைதான். ஆயினும் ஒரு படத்தில் இந்த வேறுபாடு தெரியாமல் போகலாம். அப்போது முகத்தைப் பார்க்க வேண்டும்: படைச்சிறுத்தையின் முகவாய் நீண்டு கனத்திருக்கும், பளிங்குப் பூனையின் முகம் வீட்டுப் பூனையின் முகத்தைப் போலக் குட்டையாக உருண்டிருக்கும். பளிங்குப் பூனையின் வால் தலையும் உடலும் சேர்ந்த நீளத்துக்கு நிகராக நீண்டு, அடர்ந்த மயிருடன் இருக்கும். நடக்கும்போது அதை முதுகுக்கு நேர்கோட்டில் நீட்டிக்கொண்டே செல்லும். படைச்சிறுத்தையே ஓர் இனமன்று, இரண்டு இனங்கள் என்பது 2006இல்தான் தெரியவந்தது. ஆசியப் பெருநிலத்தில் வாழ்வதன் திட்டுகள் பெரியவை; போர்னியோ, சுமத்ரா தீவுகளில் வாழ்வதன் திட்டுகள் சிறியவை, தோலும் கறுத்தது, திட்டுகளுக்குள் புள்ளிகளும் மிகுதி.

காதில் குஞ்சமுள்ளவை

காது நுனியில் கருமயிர்க் குஞ்சம், முகத்தின் இருபுறமும் தொங்கும் தாடி, வெட்டியதுபோல் முடியும் குட்டை வால் என்றால் அது லின்க்ஸ் வகை. இவ்வகையில் நான்கு இனங்கள் உண்டு: யூரேசிய லின்க்ஸ், ஐபீரிய லின்க்ஸ், கனடா லின்க்ஸ், பாப்கேட். ஐரோப்பாவில் உள்ள இரண்டும் இன்று ஒரே இடத்தில் வாழ்வதில்லை. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மட்டும் வாழும் ஐபீரிய லின்க்ஸ் உருவில் சிறியது. அதன் புள்ளிகள் அடர்ந்து தெளிவாக இருக்கும். யூரேசிய லின்க்ஸ் இவ்வகையிலேயே பெரியது. அதன் தோலில் புள்ளிகள் தெளிவாக இருப்பதும் உண்டு, அறவே இல்லாமற்போவதும் உண்டு.

உண்மையான சோதனை வட அமெரிக்காவில்தான். கனடாவின் தென்பகுதியிலும் அதையொட்டிய அமெரிக்க மாநிலங்களிலும் கனடா லின்க்ஸும் பாப்கேட்டும் அருகருகே வாழ்கின்றன. இரண்டின் எடையும் பெரும்பாலும் ஒன்றே. பெரிய பாப்கேட் கனடா லின்க்ஸைவிடக் கனமாகவே இருக்கும். ஆனால் நீண்ட கால்களாலும் அடர்ந்த மயிராலும் லின்க்ஸ்தான் பெரிதாகத் தோன்றும். இங்கே பார்க்க வேண்டிய இடம் வாலின் நுனி. கனடா லின்க்ஸின் வால் நுனி மேலும் கீழும் சுற்றிலும் மையில் தோய்த்தெடுத்ததுபோல் முழுக்கக் கறுப்பு. பாப்கேட்டின் வால் நுனியில் மேற்புறம் மட்டுமே கறுப்பு, அடிப்புறம் வெள்ளை. இதைப் பார்க்க விலங்கு வாலைத் தூக்க வேண்டும் என்பது சிரமந்தான். அது வாய்க்காதபோது பாதங்களைப் பார்க்கலாம்: ஆழ்ந்த பனியில் புதையாமல் நடப்பதற்கேற்ப லின்க்ஸின் பாதங்கள் உடலுக்குப் பொருந்தாத அளவு அகன்று மயிரடர்ந்திருக்கும், பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீண்டிருப்பதால் இடுப்பு சற்று உயர்ந்து நிற்கும். பாப்கேட்டின் பாதங்கள் சிறியவை, காதுக் குஞ்சம் குட்டை, தோலில் செம்மையும் புள்ளிகளும் மிகுதி.

காதுக் குஞ்சத்தை மட்டும் நம்பினால் ஏமாறக்கூடும் என்பதற்குக் கேரகல் சான்று. ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இந்தியாவின் வறண்ட பகுதிகளிலும் வாழும் இதற்கு, லின்க்ஸைவிட நீண்ட கருங்குஞ்சம் உண்டு. ஆனால் இது லின்க்ஸ் அன்று. மரபணு முறைப்படி இதன் மிக நெருங்கிய உறவினம் ஆப்பிரிக்கப் பொன்னிறப் பூனை; அதற்கு அடுத்தது செர்வல் என்னும் ஆப்பிரிக்கப் பூனை. வளர்ந்த கேரகலின் தோல் புள்ளிகளின்றி ஒரே செம்பழுப்பாக இருக்கும். காதின் பின்புறம் கறுத்திருக்கும். முகத்தில் தாடி இராது. வால் ஏறக்குறைய குதிகாலைத் தொடும். காட்டுப்பூனை (ஜங்கிள் கேட்) என்றே பெயர்பெற்ற இனத்துக்கும் காது நுனியில் சிறு குஞ்சம் உண்டு. அதன் வாலின் கடைப்பகுதியில் கருவளையங்களும், கால்களில் மங்கிய பட்டைகளும் இருப்பதால் கேரகலிலிருந்து அதைப் பிரித்துவிடலாம்.

செர்வலைச் சிலர் சிவிங்கிப்புலிக் குட்டி என்று எண்ணிவிடுவது அதன் நெடிய கால்களாலும் நிரம்பிய புள்ளிகளாலும்தான். தலையுச்சியில் நெருங்கி நிற்கும் மிகப் பெரிய காதுகளும், அவற்றின் கரிய பின்புறத்தில் குறுக்காக ஓடும் வெள்ளைப் பட்டையும் ஐயத்தைப் போக்கிவிடும். குட்டை வாலும் உதவும்.

சிறிய புள்ளிப் பூனைகள்

என் பார்வையில் இக்குடும்பத்திலேயே கடினமான பகுதி இதுதான். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் ஆசிலாட், மார்கே, ஆன்சில்லா என்னும் மூன்று புள்ளிப் பூனைகள் வாழ்கின்றன. வளர்ந்த ஆசிலாட் 8 முதல் 15 கிலோ வரை இருப்பதால் 3 கிலோ அளவுள்ள மார்கேயோடு அதை எவரும் குழப்ப மாட்டார்கள் என்று தோன்றும். இளம் ஆசிலாட் அகப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. அப்போது வாலையும் பின்னங்காலையும் ஒப்பிட வேண்டும்: ஆசிலாட்டின் வால் பின்னங்காலைவிடக் குட்டை, மார்கேயின் வால் பின்னங்காலைவிட நீளம். மார்கே பெரும்பாலும் மரத்திலேயே வாழ்வது. பின்னங்கால் கணுவை 180 பாகை வரை திருப்பி, அணிலைப்போல் தலைகீழாக அடிமரத்தில் இறங்கக்கூடியது. முகத்துக்கு மிகப் பெரியனவாகத் தோன்றும் அதன் கண்களும் ஓர் அடையாளம். ஆன்சில்லாவைப் பிரிக்க இன்னும் நுட்பமான குறி ஒன்று உண்டு. ஆசிலாட்டுக்கும் மார்கேக்கும் பிடரி மயிர் தலையை நோக்கி முன்புறமாகப் படிந்திருக்கும். ஆன்சில்லாவுக்கு அது வழக்கம்போல் பின்னோக்கிப் படிந்திருக்கும். கையில் எடுத்தோ மிக நெருங்கிய படத்திலோ மட்டுமே இதைக் காண முடியும்.

ஆசியாவின் மூன்று சிறு பூனைகள் இந்த அளவுக்குச் சோதிப்பதில்லை. சிறுத்தைப் பூனை மெலிந்து, நெடிய கால்களுடன், மஞ்சள் தோலில் தெளிந்த கரும்புள்ளிகளைக் கொண்டது. சதுப்பு நிலங்களில் வாழும் மீன்பிடிப் பூனை அதைவிடப் பருத்தது. பச்சை கலந்த சாம்பல் தோலில் நீளவாக்கில் வரிசையாக அமைந்த புள்ளிகளும், சிறிய உருண்டைக் காதுகளும், தடித்த குட்டை வாலும் உடையது. இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் வாழும் துருப்புள்ளிப் பூனை 1 முதல் 1.6 கிலோ அளவில், உலகின் மிகச் சிறிய பூனைகளுள் ஒன்று. அதன் புள்ளிகள் கறுப்பாக இல்லாமல் துருவின் நிறத்தில் இருக்கும், வாலில் கோலம் எதுவும் தெளிவாக இராது.

குட்டிகளைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வளர்ந்த பூமாவுக்குப் புள்ளியே இல்லை. ஆனால் பூமாக் குட்டியின் உடல் முழுதும் கரும்புள்ளிகளும் வாலில் வளையங்களும் இருக்கும். அதைப் பாப்கேட் என்று கொள்வோர் உண்டு. நீண்ட வாலைக் கவனித்தால் அது பாப்கேட் அன்று என்பது தெளிவாகும். சிங்கக் குட்டிகளுக்கும் புள்ளிகள் உண்டு. சிவிங்கிப்புலிக் குட்டிக்கோ கழுத்திலிருந்து முதுகு நெடுகச் சாம்பல் நிற நெடுமயிர் போர்த்தியிருப்பதால் புள்ளிகளே சரியாகத் தெரிவதில்லை.

தோற்றம் மட்டும் போதாத இடங்கள்

மேலே சொன்ன காட்டுப்பூனையிலிருந்து வேறான ஐரோப்பியக் காட்டுப்பூனையும் கோடுள்ள வீட்டுப் பூனையும் ஒன்றோடொன்று கூடிக் கலப்புக் குட்டிகளை ஈனுகின்றன. ஸ்காட்லாந்தில் இது மிகுதியாக நடந்திருப்பதால், அங்குள்ள ஆய்வாளர்கள் தோற்றத்தில் ஏழு அடையாளங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் வழங்குகிறார்கள். முதுகுக் கோடு வாலின் அடியிலேயே நிற்கிறதா வாலுக்குள்ளும் தொடர்கிறதா, வால் நுனி மொண்ணையானதா கூரியதா, வால் வளையங்கள் தனித்தனியாகத் தெளிவாக உள்ளனவா, விலாவின் கோடுகள் முறிந்துள்ளனவா, அங்கே புள்ளிகள் உண்டா, பிடரியிலும் தோளிலும் கோடுகள் எப்படி அமைந்துள்ளன என்பன அவை. முதுகுக் கோடு வாலடியில் நின்று, வால் தடித்து மொண்ணையாகக் கரிய நுனியுடன் முடிந்தால் அது காட்டுப்பூனையின் பக்கம். கோடு வாலில் தொடர்ந்து, வால் நுனி நோக்கிக் கூர்ந்தால் வீட்டுப் பூனையின் பக்கம். ஆயினும் கூடுதல் மதிப்பெண் பெற்ற பூனையின் மரபணுவிலும் கலப்பு இருக்கலாம். அதை உறுதிப்படுத்த ஆய்வகச் சோதனைதான் வழி.

கனடா லின்க்ஸுக்கும் பாப்கேட்டுக்கும் கலப்பில் பிறந்த விலங்குகள் வட அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றின் பாதமும் மற்றொன்றின் வாலும் சேர்ந்திருந்தால் மேலே சொன்ன விதிகள் எதிரெதிராகப் பேசும். ஆன்சில்லாவிலும் தென்பகுதியில் வாழ்வது தனி இனம் என்று 2013இல் மரபணு ஆய்வால் பிரிக்கப்பட்டது. தோற்றத்தைக் கொண்டு மட்டும் இரண்டையும் பிரிப்பது எளிதன்று. இத்தகைய இடங்களில் அனுபவமுள்ளவர்கள் ஓர் இனத்தின் பெயரை ஊகித்து எழுதிவிடாமல், ‘லின்க்ஸ் வகை’, ‘ஆன்சில்லா வகை’ என்ற அளவில் குறித்து, பார்த்த இடத்தையும் நாளையும் வாலின் நுனி தெரிந்ததா இல்லையா என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறார்கள்.